புக்கிங் நவம்பரில், பில் ஜனவரியில்: கார் சலுகையில் நான் இழந்த பணம்

முதல் பக்கத்திலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,05,940 ரூபாய். ஒரு புதுக் கார் வாங்கியதில், விவரம் தெரியாததால் மட்டும் என் கையை விட்டுப் போன பணம் இது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் நவம்பர் மாதம் ஷோரூமில் உட்கார்ந்திருந்தபோது யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து நாலு கேள்வி கேட்கச் சொல்லியிருந்தால் இந்தப் பணம் மகளின் படிப்புக்கு இருந்திருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சி. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மகளும், கணவரின் அப்பா அம்மாவான மாமா அத்தையும். மாமா பெயரில் 2011-இல் வாங்கிய ஒரு சின்ன வெள்ளை வண்டி இருந்தது. ஏசி போய், ஒவ்வொரு மழைக்கும் ஒயரிங் தகராறு. மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டது. 2024 நவம்பர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை, கல்லூரி அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் ஷோரூமுக்குப் போனேன். அவர் போனில், "நீயே பார்த்து முடிச்சிடும்மா, நான் வர்றதுக்கு மார்ச் ஆயிடும்" என்றார். எனக்கும் தைரியம் இருந்தது. கடன் என் சம்பளத்தில், வண்டி என் பெயரில் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு பின்னால் 20,000 ரூபாயைக் கேள்விக்குறி ஆக்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

விற்பனைப் பையன் மரியாதையானவன். கொட்டேஷன் தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தான். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9,94,000. வாழ்நாள் சாலை வரி 1,29,220. இன்சூரன்ஸ் 46,000 சொச்சம். அதற்குக் கீழே, சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, டிசம்பர் ஆஃபர்: கன்ஸ்யூமர் ஆஃபர் 25,000, பழைய வண்டியைக் கொடுத்தால் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000, வேலை பார்க்கும் இடத்தை வைத்துக் கொடுக்கும் கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் 4,000. மொத்தம் 49,000. "வருஷக் கடைசி மேடம், இதுக்கு மேல எந்த மாசமும் கிடைக்காது" என்றான். அது உண்மைதான். டிசம்பரில் சலுகை அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வருஷம் திரும்பிவிட்டால் கிடங்கில் நிற்கிற வண்டி பழைய வருஷத்து வண்டி ஆகிவிடும். ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் தயாரிப்பு மாதமும் வருஷமும் இருப்பதால் மறுவிற்பனையில் அடி வாங்கும். அதைத் தள்ளிவிடத்தான் கம்பெனி பணம் போடுகிறது. ஆகவே அந்தச் சலுகை கிடங்கில் நிற்கிற வண்டிக்கு உரியது. இனிமேல் செய்து வரப்போகிற வண்டிக்கு அது பொருந்தாது. இந்த ஒரு விஷயம் புரியாததுதான் என் நஷ்டத்துக்கு ஆணிவேர்.

அவர்களிடம் நான் கேட்ட வேரியண்டில் (அந்த மாடலில் நான் கேட்ட வகையில்) சாம்பல் நிற வண்டி ஒன்று தயாராக நின்றது. மகளுக்கு நீலம்தான் வேண்டும். நீலம் வர மூன்று வாரம், அதிகபட்சம் நான்கு வாரம் என்றான் பையன். நவம்பர் 30-இல் இருந்து நான்கு வாரம் என்றால் டிசம்பர் 28. கணக்கு சரியாக இருக்கிறது என்று 25,000 கட்டி நீலத்துக்கு புக் செய்தேன். ரசீது கொடுத்தார்கள். புக்கிங் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பக்கம் நிறைய நிபந்தனைகள். ஏழாவதோ எட்டாவதோ, 'டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையும் சலுகையுமே பொருந்தும்' என்று இருந்தது. படிக்கவில்லை. கையெழுத்து போட்டேன். பெரும்பாலான கம்பெனிப் படிவங்களில் இந்த நிபந்தனை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். புக்கிங் பணம் நமக்கு வரிசையில் ஓர் இடம் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். விலையைப் பிடித்து வைக்காது. அதனால் 'இந்த மாதத்துக்குள் பில் போட முடியுமா' என்று கேளுங்கள். 'வண்டி எப்போது வரும்' என்று கேட்டால் நல்ல வார்த்தையாகத்தான் பதில் வரும். பில் போட வேண்டுமானால் டீலர் கையிருப்பில் வண்டி இருக்க வேண்டும், அதற்கு ஒரு சேசிஸ் நம்பர், அதாவது அந்த வண்டிக்கு மட்டுமே உரிய தனி எண், இருக்க வேண்டும். 'என் வண்டியின் சேசிஸ் நம்பர் சொல்லுங்கள்' என்று கேட்டால் நிலவரம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நம்பர் இல்லை என்றால் உங்களுக்கு இன்னும் வண்டி இல்லை.

டிசம்பர் முழுக்க வாட்ஸ்அப்தான். 10-ஆம் தேதி, "அலாட் ஆயிடும் மேடம்." 19-ஆம் தேதி, "ப்ளூ கொஞ்சம் டிமாண்ட், பேசிட்டு இருக்கோம்." 27-ஆம் தேதி பதில் இல்லை. 31-ஆம் தேதி மத்தியானம் நானே நேரில் போனேன். ஷோரூமில் தேர்க்கூட்டம் மாதிரி இருந்தது. மாலை போட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. நான் வேண்டாம் என்று விட்ட சாம்பல் நிற வண்டியும் முந்தின நாள் போயிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பையன் வந்து, "ஜனவரி முதல் வாரம் கன்ஃபார்ம் மேடம், ஆஃபர் நான் பேசிக்கிறேன்" என்றான். அவன் பேசி வாங்கித் தரக்கூடிய விஷயம் அது இல்லை என்பது எனக்கு இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஜனவரி 20-ஆம் தேதி வண்டி வந்துவிட்டதாகப் போன். புதுக் கொட்டேஷன் தாளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. எக்ஸ்-ஷோரூம் 10,12,000. வருஷப் பிறப்புக்கு விலை ஏற்றுவது கார் கம்பெனிகளின் வழக்கம், 18,000 கூடியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சாலை வரிக் கட்டத்தில் 1,82,160 என்று இருந்தது. தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கேட்டேன். தப்பு இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி விகிதத்தை மாற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி கூடுதல் தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று இல்லை. 10 லட்சத்தைத் தாண்டினால் மொத்த விலைக்கும் 18 சதவீதம். கம்பெனி ஏற்றிய 18,000, என் வரியில் 52,940 ரூபாயை ஏற்றிவிட்டது. போதாததற்கு, 10 லட்சத்துக்கு மேல் போனதால் டிசிஎஸ், அதாவது விற்பவரே நம்மிடம் வசூலித்து வருமான வரிக் கணக்கில் கட்டும் தொகை: கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் 4,000 போக மிச்ச விலையில் 1 சதவீதம், 10,080 ரூபாய். கன்ஸ்யூமர் ஆஃபர் கட்டத்தில் ஒரு கோடு. ஜனவரியில் தயாரான வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாதாம். கூட்டிப் பார்த்தால் அன்றைக்கே 1,06,020 ரூபாய் கூடுதலாகப் புரட்ட வேண்டும். நீங்கள் பார்க்கிற வண்டி 9.5 லட்சத்துக்கு மேல் இருந்தால், விலை ஏறினால் 10 லட்சத்தைத் தாண்டுமா என்று முதலில் பாருங்கள். தாண்டும் என்றால் ஒரு படி கீழே உள்ள வேரியண்ட் புத்திசாலித்தனம். நான் அந்தக் கோட்டுக்கு 6,000 ரூபாய் கீழே நின்றுகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

அன்று ராத்திரி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேன்சல் செய்யலாமா என்று யோசித்தேன். பழைய வண்டியை ஏற்கெனவே ஒப்படைத்தாயிற்று, வங்கிக் கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது, வங்கியோ பழைய கொட்டேஷனை வைத்துத்தான் தொகை கொடுத்திருந்தது. அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சங்கிலி இருக்கு, வச்சுக்கலாம், அழாதே" என்றார். மறுநாள் என் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தேன். காலிக் கழுத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அலுவலகம் போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தது ஷோரூமின் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா. பணம் கட்டப் போனவள் அவர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கம்பெனியிலிருந்து டீலருக்கு ஒரு ஸ்கீம் சுற்றறிக்கை வரும். எந்த மாடல், எந்த வேரியண்ட், எந்த வருஷத் தயாரிப்பு, எவ்வளவு சலுகை, எந்தத் தேதிக்குள் பில் ஆக வேண்டும் என்று அதில் இருக்கும். டீலர் அந்தத் தொகையைப் பில்லில் நமக்குக் கழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு காகிதங்களை ஏற்றிக் கம்பெனியிடம் கேட்பார். காகிதம் சரியாக இருந்தால் கம்பெனி கிரெடிட் நோட் கொடுத்து அந்தத் தொகையை ஈடுகட்டும். சரியில்லை என்றால் டீலர் கைக்காசு போகும். "அதனாலதான் நாங்க டாக்குமென்ட் வரலைன்னா நிறுத்தி வச்சிடுவோம், கண்ணு" என்றார். டிசம்பர் சுற்றறிக்கையையும் ஜனவரி சுற்றறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினார். நான் புக் செய்த தேதிக்கு அதில் இடமே இல்லை. பில் தேதிக்கு மட்டும்தான் இடம்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். சலுகையில் இரண்டு வகை உண்டு. கம்பெனி கொடுப்பது ஒன்று, டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக் கொடுப்பது இன்னொன்று. கம்பெனி கொடுப்பதில் பேரம் கிடையாது, விதிப்படி உண்டு அல்லது இல்லை. டீலர் கொடுப்பதில்தான் பேரம். மாதக் கடைசியில் விற்பனை இலக்குக்கு ஒன்றிரண்டு வண்டி குறைகிற டீலர் இறங்கி வருவார். நம்மிடம் இரண்டையும் கலந்து ஒரே தொகையாகச் சொல்வதால் எதைக் கேட்டு வாங்கலாம் என்பதே தெரியாமல் போகிறது. 'கம்பெனி ஆஃபர் எவ்வளவு, உங்கள் டிஸ்கவுண்ட் எவ்வளவு, தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். இலவச மேட், சீட் கவர் என்று கொடுப்பதை அச்சிட்ட விலையில் கணக்குப் போட்டு 'பத்தாயிரம் மதிப்பு' என்பார்கள். அதே பொருள் வெளியே எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பணமாகவே கழிக்கச் சொல்லுங்கள்.

இனி எக்ஸ்சேஞ்ச் போனஸ் கதை. டிசம்பர் நடுவில் பையன் வந்து மாமாவின் வண்டியைப் பார்த்து 1,40,000 என்று மதிப்புப் போட்டான். போனஸ் 20,000 சேர்த்தால் 1,60,000 ஆகிறதே என்று சம்மதித்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் மாமாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஆர்சி-யையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜனவரி கடைசியில் சொல்கிறார்கள், போனஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று. பழைய வண்டி, புது வண்டி வாங்குபவர் பெயரிலோ, அவருடைய கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர் பெயரிலோ இருக்க வேண்டுமாம். மாமனார் அந்தப் பட்டியலில் இல்லை. "நான் அவர் மருமகள், ஒரே ரேஷன் கார்டு, ஒரே வீடு" என்று சொல்லிப் பார்த்தேன். விதி விதிதான். புது வண்டியை என் கணவர் பெயரில் எடுத்திருந்தால் அப்பா மகன் உறவாகி, கேள்வியே வந்திருக்காது. பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று முதல் நாளே காட்டி, 'இந்த உறவுக்கு போனஸ் உண்டா' என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். இன்னொரு வேதனை, உறையூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, என்கிட்ட சொல்லியிருந்தா 1,65,000-க்கு ஆள் இருந்துச்சே" என்றார். போனஸைக் காட்டி வண்டி விலையைக் குறைப்பது சகஜம். இரண்டையும் சேர்த்து, வெளியே கிடைக்கிற விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் மட்டும் நான் விடவில்லை. 'எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 கன்ஃபார்ம்ட்' என்று பையன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருந்தது. ஆர்சி-யின் படத்தை அதற்கு இரண்டு நாள் முன்பே அவனுக்கு அனுப்பியிருந்தேன், அதில் மாமா பெயர் தெளிவாகத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டேன். விதிமுறையைச் சொல்லி இரண்டு வரியில் பதில் வந்தது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். ஐந்தாவது நாள் ஷோரூம் மேனேஜரே கூப்பிட்டார். கம்பெனி தராது, எங்கள் பக்கத்திலிருந்து 10,000 தருகிறோம் என்றார். 41 நாள் கழித்து வங்கிக் கணக்கில் வந்தது. விலை 18,000, வரி 52,940, ஆஃபர் 25,000, போனஸ் 20,000, ஆக 1,15,940. அதில் இந்தப் பத்தாயிரம் போக மிச்சம்தான் நான் முதலில் சொன்ன தொகை. டிசம்பரிலேயே நான் கன்ஸ்யூமர் ஆஃபர் இருபத்தைந்தாயிரத்தையும் பில் தேதியோடு சேர்த்து எழுத்தில் கேட்டிருந்தால் அதற்கும் சண்டை போட ஒரு பிடி இருந்திருக்கும். வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை.

டிசிஎஸ் பணம் போய்விடாது. நம் பான் எண்ணில் ஏறும், வருமான வரித் தளத்தில் நம் வரி விவர அறிக்கையில் தெரியும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திரும்ப வரும். எனக்கு வந்தது. இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுத்தால்தான் ஆஃபர் என்று சொன்னால் நம்ப வேண்டாம். எங்கே எடுப்பது என்பது நம் உரிமை. புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நான் அன்றைக்கிருந்த மனநிலையில் அதை வெளியே விசாரிக்கக்கூட இல்லை.

பில் தேதி விதி நமக்குச் சாதகமாகவும் திரும்பும். என் தம்பி நாமக்கல்லில் 2025 ஆகஸ்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் பார்த்துக்கொண்டிருந்தான். சுதந்திர தின உரையில் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் சொல்லியிருந்த நேரம். ஷோரூமில், "இந்த மாசம் பில் போட்டா 40,000 ஆஃபர் சார், அப்புறம் கிடையாது" என்று நெருக்கினார்கள். அவன் எனக்குப் போன் போட்டான். "புக் பண்ணு, பில் மட்டும் போட விடாதே" என்றேன். செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. 22-ஆம் தேதி முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் செஸ் என்கிற கூடுதல் வரியும் போய் 18 சதவீதம் ஆனது. 9 லட்ச ரூபாய் வண்டி அவனுக்குச் சுமார் 76,000 குறைந்து வந்தது. விலை குறைந்ததால் சாலை வரியும் குறைந்தது. ஆஃபர் 15,000-ஆகச் சுருங்கிவிட்டது, ஆனாலும் லாபம்தான். அவன் பில்லைப் படம் எடுத்து அனுப்பியபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

மாமாவின் பழைய வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தைவிட அதுதான் அவரை அதிகம் வாட்டியது. கொடுத்து இரண்டு மாதம் கழித்து, பிப்ரவரியில், அவர் போனுக்கு ஒரு இ-சலான் செய்தி வந்தது. சேலத்தில் சிக்னல் தாண்டியதாக அபராதம். வண்டி வேறு யாரிடமோ ஓடிக்கொண்டிருக்கிறது, பெயர் மட்டும் இன்னும் மாமா பெயர். 74 வயதில் அவர் மேல் ஒரு வழக்கும் இருந்ததில்லை. "யாரையாவது இடிச்சிட்டாங்கன்னா என்னம்மா பண்றது?" என்று தினமும் காலையில் என்னிடம் போனை நீட்டி, புதுச் செய்தி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். பழைய வண்டியைக் கொடுக்கும்போது தேதியும் நேரமும் போட்டு, 'இன்றிலிருந்து பொறுப்பு எங்களுடையது' என்று டீலரின் சீல் வைத்த கடிதம் வாங்குங்கள். பழைய வண்டி விற்க அங்கீகாரம் பெற்றவராக இருந்தால் படிவம் 29சி மூலம் ஒப்படைப்பை ஆன்லைனில் பதியச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்தக் கடிதம் இல்லை. நான்கு முறை ஷோரூமுக்கு நடந்து அபராதத்தை அவர்களைக் கட்ட வைத்தேன். மார்ச் 18-ஆம் தேதி பெயர் மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. அதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புது வண்டியின் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.